மோசடிப் புகார் எண் 997-க்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

பினாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். இப்போது டவுன் ஓரத்தில் மலிவு விலை வீட்டில் தனியாக இருக்கிறார். போன வாரம் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்றார்கள். பிறகு "போலீஸ் அதிகாரி" ஒருவரிடம் லைனை மாற்றிவிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் 6,200 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. தங்கச்சியின் கேள்வி இது: "அரசாங்கமும் டெல்கோவும் (தொலைத்தொடர்பு நிறுவனங்களும்) பேங்கும் சேர்ந்து மோசடியைத் தடுக்கிறார்கள் என்று செய்தியில் அடிக்கடி சொல்கிறார்களே, அப்படி என்னதான் செய்கிறார்கள்? செய்தால் எங்கம்மாவுக்கு எப்படி அந்த அழைப்பு வந்தது?"

நான் ஈப்போவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் கோபுரம், சிக்னல் பக்கம் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்போது ஊரோடு இருக்கிறேன். சாயங்காலம் நண்பரின் கைப்பேசிக் கடையில் உட்கார்ந்திருப்பேன். தோட்டத்திலிருந்து டாப் அப் போட வருகிறவர்கள், "இந்த மெசேஜ் உண்மையா, கொஞ்சம் பாருங்கண்ணே" என்று கைப்பேசியை நீட்டுவார்கள். அதனால் இந்தக் கதையின் இரண்டு பக்கமும் எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. அம்மாவைத் திட்டாதீர்கள். எதிர்முனையில் பேசியவன் ஒருவன் அல்ல, ஒரு கும்பல். யார் கூரியர் ஆள், யார் சார்ஜன், யார் "டத்தோ" என்று பிரித்துக்கொண்டு, எழுதி வைத்ததைப் பார்த்துப் படிக்கிறார்கள். எங்கள் கடைக்கே ஓர் அக்கா லைனில் இருந்தபடி வந்தார். காதில் கைப்பேசி, கண்ணெல்லாம் தண்ணீர். வாய் திறந்து எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஷ் கவுண்டரில் இருந்த ரசீதுப் புத்தகத்தை இழுத்து, பின்பக்கத்தில் "போலீஸ் பேசறாங்க, வைக்கக் கூடாதாம்" என்று எழுதிக் காட்டினார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன், அழைப்பு 1 மணி 47 நிமிடம் ஓடியிருந்தது. வாட்ஸ்அப்பில் அவருடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணும் பெயரும் போட்ட "வாரண்ட்" ஒன்று. அதில் நீதிமன்ற முத்திரைகூட இருந்தது. நான் லைனைத் துண்டித்ததும் அந்த அக்கா பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார், தன்னைக் கைது செய்ய வருவார்கள் என்று. இரண்டு மணி நேரம் ஒரு குரல் காதுக்குள் மிரட்டிக்கொண்டே இருந்தால் படித்தவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கம்பெனி மேனேஜர்களும் இதே கதையில் லட்சக் கணக்கில் இழந்திருக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஒரு மோசடி நடந்து முடிய நான்கு வாசலைத் தாண்ட வேண்டும். அழைப்போ குறுஞ்செய்தியோ வந்து சேரும் வாசல் டெல்கோவின் கையில். வாட்ஸ்அப், பேஸ்புக், டெலிகிராம் வாசல் அந்தந்த நிறுவனங்களின் கையில். பணம் வெளியே போகும் வாசல் அம்மாவின் வங்கி. பணம் போய் இறங்கும் வாசல் இன்னொரு வங்கி. இவர்களைக் கண்காணிப்பவர்களும் வேறு வேறு ஆட்கள். டெல்கோவுக்கு எம்சிஎம்சி எனப்படும் தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குற்றவாளியைப் பிடிக்கப் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை. மோசடிக் கும்பல் ஒன்றாக வேலை செய்கிறது, நம் பக்கம் தனித்தனியாக நின்றது. பல வருடம் நம் பணம் போனது இந்த இடைவெளியில்தான்.

2019-இல் எனக்குத் தெரிந்த ஒரு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) தாத்தாவுக்கு இபிஎஃப் ஓய்வுகாலச் சேமிப்புப் பணத்தில் ஒரு பகுதி இப்படிப் போனது. நான்தான் கூட்டிக்கொண்டு அலைந்தேன். வங்கிக் கிளையில் "முதலில் போலீஸ் ரிப்போர்ட்" என்றார்கள். பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் எடுக்க அரை நாள். ரிப்போர்ட்டோடு திரும்பினால், "பணம் எங்களிடம் இல்லை, வேறு வங்கிக்குப் போய்விட்டது, அங்கே கேளுங்கள்." அந்த வங்கியில் "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லையே." மூன்றாவது நாள் தெரிந்தது, முதல் அரை மணி நேரத்திலேயே கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்று. யாரும் தப்பாக நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் விதிப்படிதான் நடந்தார்கள். தாத்தாவின் பணம் மட்டும் இல்லை.

அந்த அரை மணி நேரம்தான் விஷயம். 2018 கடைசியில் டுயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வந்த பிறகு, கைப்பேசி எண்ணோ ஐசி எண்ணோ போதும், எந்த வங்கிக்கும் அந்த நொடியே பணம் போய்விடும். நமக்குப் பெரிய வசதி. திருடனுக்கும் அதே வசதி. அம்மாவின் கணக்கிலிருந்து ஒருவன் கணக்குக்கு, அங்கிருந்து மூன்று பேர் கணக்குக்கு, அப்புறம் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ. இதையெல்லாம் கடிதம் எழுதித் துரத்த முடியாது.

அதனால்தான் 2022 அக்டோபரில் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தைத் தொடங்கினார்கள். என்எஸ்ஆர்சி என்பார்கள், எண் 997. இதில் போலீஸ், பேங்க் நெகாரா, எம்சிஎம்சி, நிதிக் குற்றத் தடுப்பு மையம், வங்கிகள், டெல்கோக்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். நீங்கள் 997-க்கு அழைத்து எந்த வங்கியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு என்று சொன்னால், தகவல் இரண்டு பக்கத்து வங்கிக்கும் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் பிடித்து வைப்பார்கள். இல்லையென்றால் அடுத்த கணக்கைத் தேடுவார்கள். ரிப்போர்ட் பிறகு கொடுக்கலாம், முதலில் அழைப்பு. தாத்தா மூன்று நாள் நடந்த தூரம் இப்போது ஒரே அழைப்பில் இருக்கிறது. 2024-இல் பேங்க் நெகாராவும், வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றம் நடத்தும் பேநெட் நிறுவனமும், வங்கிகளும் சேர்ந்து தேசிய மோசடித் தளம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வங்கி அதிகாரி இன்னொரு வங்கி அதிகாரியைப் போனில் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது அந்தத் தேடலைத் தளமே செய்கிறது.

தங்கச்சி கேட்ட முக்கியமான கேள்வி, அழைப்பை ஏன் தடுக்கவில்லை என்பது. இது என் தொழில், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குறுஞ்செய்தியில் நல்ல முன்னேற்றம். குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைத் தடுக்கும்படி 2023-இல் டெல்கோக்களுக்கு எம்சிஎம்சி உத்தரவிட்டது. முதலில் தனி ஆட்கள் அனுப்புவதை நிறுத்தி, பிறகு படிப்படியாக நிறுவனங்கள் மொத்தமாக அனுப்புவதற்கும் கொண்டுபோனார்கள். இன்றைக்கு லிங்க் உள்ள குறுஞ்செய்தி வந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய காரணம்.

அழைப்பு விஷயம் அவ்வளவு எளிது அல்ல. இணையம் வழியாக அழைப்பவன், தன் எண்ணாக எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்ப முடியும். கடிதத்தில் அனுப்புநர் முகவரியை யாரும் சரிபார்க்காத மாதிரி. பாலாய் எண்ணைப் போட்டாலும் அப்படியே திரையில் விழும். "வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு உள்ளூர் எண்ணைக் காட்டினால் வெட்டிவிட வேண்டியதுதானே" என்று கேட்கலாம். வெட்டலாம். ஆனால் சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பையன் ரோமிங்கில் அம்மாவைக் கூப்பிட்டாலும் அது வெளியிலிருந்து வரும் உள்ளூர் எண்தான். அவன் உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கிறானா என்று டெல்கோ அந்த நொடியில் பார்க்க வேண்டும். 2008-இல் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி வந்த பிறகு, 012 என்றால் இந்தக் கம்பெனி, 019 என்றால் அந்தக் கம்பெனி என்ற கணக்கும் போய்விட்டது. ஆக, ஒரு டெல்கோ மற்ற எல்லா டெல்கோக்களிடமும் கேட்டுப் பதில் வாங்க வேண்டியிருக்கிறது. போட்டிக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்க வேண்டும். இதை ஒரு நிறுவனம் தனியாகச் செய்யவே முடியாது. மேலே ஒருவர் உட்கார்ந்து, "எல்லாரும் கொடுங்கள்" என்று சொல்லியாக வேண்டும்.

இதை அடைத்தால் கும்பல் அடுத்த வழிக்குப் போகும். சிம் பெட்டி என்று ஒரு கருவி இருக்கிறது, பார்க்க மோடம் மாதிரிதான். உள்ளே 32 சிம், 64 சிம் என்று வரிசையாகச் செருகியிருக்கும். வாடகை வீட்டில் ஒரு மூலையில் இதை வைத்துவிட்டால், எங்கோ எல்லைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவன் இணையம் வழியாகப் பேச, அது இங்கே உண்மையான மலேசிய எண்ணிலிருந்து வெளியே வரும். எண் பொய் அல்ல, பேசுகிறவன்தான் பொய். இதை எப்படிக் கண்டுபிடிப்போம் என்றால், சிம்மின் நடத்தையைப் பார்த்துத்தான். மனிதன் வைத்திருக்கும் சிம்முக்கு அழைப்பு வரும், அது காலையில் ஒரு கோபுரத்திலும் மாலையில் வேறு கோபுரத்திலும் தெரியும். சிம் பெட்டியில் உள்ளது நகராது, யாரும் அதை அழைக்கமாட்டார்கள். அது மட்டும் நாள் முழுக்க முன்பின் தெரியாத எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். டெல்கோ கண்டுபிடித்து வெட்டும். வெட்டினால் நாளைக்கு வேறு 64 சிம். வீட்டுக் கதவை உடைத்துப் பெட்டியைத் தூக்க போலீஸ் வேண்டும். அந்த சிம்களெல்லாம் யார் பெயரில் பதிவானவை? அதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் நம் ஊர்க் கதை.

மூன்றாவது வழி போலிக் கோபுரம். காரின் பின் சீட்டில் சின்ன ஒலிபரப்புக் கருவியை வைத்துக்கொண்டு ஜனநடமாட்டமுள்ள இடத்தில் மெதுவாக ஓட்டிப் போவார்கள். அந்தச் சிக்னல் உண்மைக் கோபுரத்தைவிட வலுவாகத் தெரிவதால் கைப்பேசி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே கைப்பேசியை 2ஜிக்கு இறக்குவார்கள். 2ஜி பழைய காலத்துத் தொழில்நுட்பம். அதில் கோபுரம் கைப்பேசியிடம் "நீ யார்" என்று கேட்கும், கைப்பேசி கோபுரத்திடம் திருப்பிக் கேட்காது. அவ்வளவுதான், வங்கியின் பெயரிலேயே, லிங்க்கோடு, குறுஞ்செய்தி வந்து விழும். பெயர் ஒன்றாக இருப்பதால் உங்கள் கைப்பேசி அதைப் பழைய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே வரிசையாக வைக்கும். இந்தச் செய்தி டெல்கோவின் வழியாக வரவே இல்லை, அதனால் டெல்கோவின் எந்த வடிகட்டியிலும் சிக்காது.

மலேசியாவிலும் இப்படிக் காரோடு ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் கைப்பேசிகள் கூட்டமாகத் திடீரென்று கழன்று போவதை டெல்கோவின் கண்காணிப்புத் திரை காட்டும். அலை வரும் திசையைக் கருவி வைத்துக் கண்டுபிடிப்பது எம்சிஎம்சி. காரை நிறுத்திக் கைது செய்வது போலீஸ். மூவரில் ஒருவர் தாமதித்தாலும் கார் அடுத்த தெருவுக்குப் போய்விடும். கூட்டாக வேலை செய்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மாநாட்டு மேடையில் கைகுலுக்கும் படத்தைவிட இது பெரியது.

இங்கே ஒரு சின்னத் தொழில் குறிப்பு. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து பல கைப்பேசிகளில் சிம் அமைப்புக்குள் 2ஜியை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. நிறுத்திவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகப் பேசும் வசதி, இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 2021 முடிவோடு 3ஜியை மூடிவிட்டார்கள். வோல்டிஇ இல்லாத கைப்பேசியில் பேச்சு அழைப்பு 2ஜியில்தான் போகிறது. அதை அடைத்தால் அம்மாவுக்கு நீங்கள் கூப்பிடுவதும் வராது. தோட்டத்து உள்பகுதியில் சில லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) 2ஜி மட்டுமே எட்டும் இடங்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் கை வைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப், பேஸ்புக் வழி வருவதில் டெல்கோவால் ஒன்றும் செய்ய முடியாது, அது வெறும் தரவாகத்தான் கடந்து போகிறது. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்புவது, கோயில் குழுத் தலைவரின் வாட்ஸ்அப்பைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரில் "ஐநூறு வெள்ளி அவசரமாக வேண்டும்" என்று கேட்பது எல்லாம் இந்த வழிதான். அதனால்தான் 8 மில்லியன் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் 2025 ஜனவரி 1 முதல் உரிமம் வாங்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 2025-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. நிதி மோசடியைக் கட்டுப்படுத்தும் கடமை அதில் இருக்கிறது. உரிமம் பற்றிப் பேச்சுச் சுதந்திரக் கவலைகள் சொல்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் காசு வாங்கிக்கொண்டு போலி முதலீட்டு விளம்பரம் போடும் நிறுவனத்தை யாருமே கேட்க முடியாமல் இருந்ததை நான் நியாயமாக நினைக்கவில்லை.

வங்கிப் பக்கம் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா ஐந்து விஷயம் சொன்னது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை விட்டு செயலிக்குள் ஒப்புதல் கொடுக்கும் முறைக்கு மாறுவது, ஒருவருக்கு ஒரு கருவி மட்டும், புதுக் கருவி பதிந்தால் சில மணி நேரம் பணம் அனுப்ப முடியாமல் ஆற வைப்பது, சந்தேகப் பரிவர்த்தனையை நிறுத்தும் விதிகளை இறுக்குவது, மோசடிக்கென்று தனித் தொலைபேசி. பின்னால் "கில் சுவிட்ச்" வந்தது, நீங்களே உங்கள் கணக்கின் இணைய வழியை உடனே மூடிவிடலாம். பல வங்கிகளில் ஆற வைக்கும் நேரம் 12 மணி. நிறையப் பேர் இதைத் தொல்லை என்று கடையில் வந்து திட்டுகிறார்கள். அந்த 12 மணி நேரத்தில் ஒரு மகனோ மகளோ வேலை முடிந்து வீட்டுக்கு வந்து "என்னம்மா இது" என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஆனால் தங்கச்சி, உங்கள் அம்மா விஷயத்தில் இவை எதுவும் முழுசாக உதவியிருக்காது. யாரும் அவர் கணக்கை உடைத்து நுழையவில்லை. அவரே, அவர் கைப்பேசியில், அவர் விரலால் அனுப்பினார். வங்கியின் கணினிக்கு அது சரியான பரிவர்த்தனை. அப்படியானால் பிடிக்க மிச்சம் இருப்பது கடைசி வாசல்தான், பணம் போய் இறங்கிய கணக்கு. இதுதான் எனக்கு மனசு வலிக்கும் இடம்.

அக்காவுன் கெல்டாய் என்கிறார்களே, அடுத்தவன் பணத்தைச் சுமக்கும் கழுதைக் கணக்கு, அது எங்கிருந்து வருகிறது? நம் லயத்திலிருந்தும் வருகிறது. 19 வயதுப் பையன் ஒருவன், லாரியில் அட்டெண்டன், கடைக்கு வந்தான். சம்பளம் கணக்கில் விழுந்திருக்கிறது, எடுக்க முடியவில்லை, கைப்பேசியில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். செயலியைத் திறந்தால் கணக்கு முடக்கம் என்று காட்டுகிறது. மெல்லக் கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன் கூட்டாளி ஒருவன், "உன் இன்னொரு ஏடிஎம் கார்டைக் கொடு, சும்மாதானே கிடக்குது, ஐநூறு வெள்ளி தர்றேன்" என்றிருக்கிறான். கார்டையும் பின் எண்ணையும் கொடுத்துவிட்டு, அந்த ஐநூறில் மோட்டாருக்கு டயர் மாற்றியிருக்கிறான். அந்தக் கணக்கில் எத்தனை பேர் அம்மாக்களின் பணம் ஓடியது என்று அவனுக்குத் தெரியாது. மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தோம். ரிப்போர்ட் பதிவாகியிருந்தது. பையன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

சிம்மும் அப்படித்தான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மேசை போட்டு, ஐசியைத் தட்டினால் சில பத்து வெள்ளி தருகிறேன் என்றால், நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முன்கட்டண சிம்முக்கு 2006-இலிருந்தே அடையாளப் பதிவு கட்டாயம், ஒருவருக்கு இத்தனைதான் என்று வரம்பும் உண்டு. ஆனால் கும்பலுக்கு வேண்டியது போலி ஐசி அல்ல. உண்மையான ஐசியைக் கொடுக்கும் ஏழைப் பையன்கள்தான் வேண்டும். நான் முன்னே சொன்ன 64 சிம் அங்கிருந்துதான் போகிறது.

முன்பு இதற்குச் சரியான சட்டமே இல்லை. கழுதைக் கணக்கு வைத்திருந்தவர்களைச் சிறு குற்றச் சட்டத்தில்தான் பெரும்பாலும் கொண்டுபோனார்கள். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரை புதிதாகச் சேர்த்த பிறகு, கணக்கைக் கொடுப்பதும் தனிக் குற்றம், அடுத்தவர் கணக்கை வைத்திருப்பதும் தனிக் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கஷ்டம். சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோலாலம்பூர் ஹோட்டலில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறார்கள், சுவரொட்டி மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கக் கூட்டத்திலும், கோயில் திருவிழா மைக்கிலும், தோட்ட ஆபீசில் சம்பள நாளன்றும் பத்து நிமிடம் பேசினால் போதும். டெல்கோவுக்கும் வங்கிக்கும் இதற்கென்று பணமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். நம்மிடம் கேட்கவில்லை, நாமும் கூப்பிடவில்லை. எங்கள் கோயில் கமிட்டி இந்த வருடம் பாலாய்க்கு ஒரு கடிதம் எழுதியது, ஒரு தமிழ் சார்ஜன் வந்து பேசினார். கூட்டம் முடிந்ததும் இரண்டு பையன்கள் அவரிடம் தனியாகப் போய் நின்றதை நான் பார்த்தேன்.

நஷ்டத்தை யார் ஏற்பது என்பதிலும் நம் நாடு இன்னும் தூரம் போக வேண்டும். 2024-இல் மட்டும் இணைய மோசடியில் மலேசியர்கள் 150 கோடி ரிங்கிட்டுக்கு மேல் இழந்தார்கள். ஏறக்குறைய எல்லாம் பாதிக்கப்பட்டவர் தலையில்தான். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு தானே அனுப்பிய பணத்தைக்கூட 85,000 பவுன் வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. அந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். கழுதைக் கணக்கை வைத்திருக்கும் வங்கிக்கும் கை சுடும் என்றால், 19 வயதுப் பையன் கணக்கில் ஒரே நாளில் நாற்பதாயிரம் ஏறி இறங்குவதை அந்த வங்கி தானே கவனிக்கும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 16 முதல், வங்கியும் டெல்கோவும் தங்கள் கடமையைச் செய்யத் தவறினால் இழப்பை ஏற்க வேண்டும். ஆனால் அது போலி இணையத்தளம் மூலம் நடக்கும் திருட்டுக்குத்தான், உங்கள் அம்மாவுக்கு நடந்தது போன்றதுக்கு அல்ல. இரண்டில் எனக்குப் பிரிட்டன் வழிதான் பிடித்திருக்கிறது. "ஜனங்கள் கவனமில்லாமல் போய்விடுவார்கள்" என்று வங்கிகள் வாதம் செய்கின்றன. இடுப்பு வளைந்து வெட்டிச் சேர்த்த பணத்தில் யாரும் கவனமில்லாமல் இருக்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது. ஒரு வாரம் ஆகிவிட்டது, ஆனாலும் 997-க்கும் வங்கியின் மோசடித் தொலைபேசிக்கும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே. போலீஸ் ரிப்போர்ட் நகல் கட்டாயம். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், கவுண்டரில் வாயால் சொன்னால் பதிவே இருக்காது. எத்தனை மணிக்குப் பணம் போனது, எத்தனை மணிக்கு நீங்கள் வங்கிக்குச் சொன்னீர்கள் என்ற இரண்டு நேரத்தையும் அதில் எழுதுங்கள். வங்கி தன் இறுதி முடிவைக் கடிதமாகத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எஃப்எம்ஓஎஸ் என்பார்கள், நமக்குக் கட்டணம் இல்லை. பணம் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன பிறகும் வங்கி தாமதித்து, அந்த நேரத்தில் பணம் நகர்ந்திருந்தால், உங்கள் பக்கம் பேச ஒரு விஷயம் இருக்கிறது. இன்னொன்று, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று இனிமேல்தான் அழைப்பு வரும். 997-இலிருந்து பேசுகிறோம் என்றும் சொல்வான். 997 நாம் கூப்பிடும் எண். அங்கிருந்து கூப்பிடுகிறோம் என்று யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள்.

எங்கள் கடையில் ஓர் அட்டை அடித்து வைத்திருக்கிறேன். நான் 997-க்குப் பேசியபோது மலாயில்தான் பேசினேன். பதற்றத்தில் நம் அம்மாக்களுக்கு மலாய் வாயில் வராது. அதனால் தமிழ் எழுத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறேன்: "சாயா கெனா ஸ்கேம். டுயிட் சுடா கெலுவார் டாரி அக்காவுன் சாயா. தோலோங் சேகாட்." (என்னை ஏமாற்றிவிட்டார்கள், என் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, தடுத்து நிறுத்துங்கள் என்று அர்த்தம்.) அதன் கீழே 997, அவரவர் வங்கியின் எண், பிள்ளைகளில் ஒருவர் எண். சார்ஜர் மாட்டும் பிளக்குக்கு மேலே சுவரில் ஒட்டச் சொல்வேன். கைப்பேசியைத் தேடிப் போகும் கை அந்த இடத்துக்குத்தான் போகும்.

அடுத்த ஞாயிறு நீங்கள் ஊருக்கு வந்தால் அம்மாவையும் அவர் கைப்பேசியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடை. பத்து மணிக்கு மேல் இருப்பேன். வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டு போட்டு, பரிமாற்ற வரம்பைக் குறைத்து, அந்த அட்டையில் உங்கள் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.